மூன்றாவது விசில்

பிப்ரவரி 6, செவ்வாய்

மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி. ஜனவரி முழுக்க வெள்ளைப் பக்கங்கள். இன்று தொடங்குகிறேன். காரணம் ஒன்றும் இல்லை.

விடுதியில் காலையில் தண்ணீர் வரவில்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதை நான் முழுதாகப் படிக்கவில்லை. எண்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டதாகத் தோன்றியது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன், சரியாக இருந்தது, மூடிவிட்டேன். பள்ளி நாளிலிருந்தே இருக்கும் கெட்ட பழக்கம்.

அம்மா போனில் மறுபடியும் அதே கேள்வி: "நோயாளியையே பாக்காம அப்படி என்ன டாக்டர் வேலை வசு?" நோய்க்குறியியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், இன்னும் அவளுக்கு விளக்க முடியவில்லை. அறுவை அரங்கிலிருந்து ஒரு துண்டுச் சதை வரும். அதை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக்குவோம். அதற்கு பிளாக் என்று பெயர். பிளாக்கை முடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுத வேண்டும். எழுதுவது எங்கள் வேலை. சீவுவது எங்கள் டெக்னீஷியன் சேர்மத்துரையின் வேலை.

அவர் சீவினால் மெழுகு ரிப்பன் அறுபடாமல் ஒரு முழ நீளத்துக்கு வரும். வலது ஆள்காட்டி விரலில் பிளேடு கீறிய வெள்ளைக் கோடு. கட்டைவிரல் அடியில் சுடுமெழுகு பட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவு. "மூச்சு விட்டுறாதிய டாக்டர், ரிப்பன் பறந்திரும்" என்பார். மற்ற மாணவர்கள் எல்லாரும் அவரை அண்ணா என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. வீட்டில் ஒரே பெண், பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

சில சிறப்புச் சாயங்களுக்கு முன் ஸ்லைடுகளை வேகவைக்க வேண்டும். பெரிய ஊர்களில் அதற்குத் தனிக் கருவி உண்டு. எங்களிடம் இருப்பது ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். மூன்று விசில் வைத்து இறக்க வேண்டும். முதலாண்டு ஹசீனா இன்று குக்கரைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன சமையல்ண்ணா?" என்றாள்.

"டான்சில் கூட்டு. சாப்பிட்டுட்டுப் போம்மா."

பாதி விளையாட்டு, பாதி உண்மை. சாயம் சரியாக ஏறியதா என்று சோதிக்க ஒவ்வொரு சிறப்பு ஸ்லைடின் ஓரத்திலும் ஒரு துளி டான்சில் சதையை ஒட்டுவது எங்கள் வழக்கம். டான்சிலில் பழுப்பு நிறம் வந்தால்தான் மற்றதை நம்பலாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

சேர்மத்துரை இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறாரே என்று இரண்டு வாரமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். இன்று கேட்டுவிட்டேன்.

"சும்மாதான் டாக்டர்."

"கையைக் காட்டுங்க."

காட்டினார். வலது முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. தொட்டுப் பார்த்தேன். கல்.

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னால இருந்து. வலி கெடையாது. ராத்திரிதான் கொஞ்சம் குத்தும். என்னத்துக்கு இப்படி முறைக்கிய? கைதான, ஓடியா போவும்?"

நானே கூட்டிக்கொண்டு போய் அறுவைப் புறநோயாளிப் பிரிவில் சீட்டுப் போட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நமக்கு வரிசையில நிக்கத் தெரியும் டாக்டர், நீங்க போய் ஸ்லைடப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போகவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

துணி துவைத்தேன். ஸ்கேனில் கட்டி நரம்பையும் பெரிய இரத்தக்குழாயையும் சுற்றிப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

ஊசியால் எடுத்த சதைத்துண்டு எங்கள் துறைக்கே வந்தது. எண் 412. நூல் போல மூன்று இழைகள்.

பிளாக்கை வேறு டெக்னீஷியனிடம் கொடுக்கச் சொன்னார் உமையொருபாகம் சார். அவர்தான் துறைத் தலைவர். ஆண்டு முடிவில் ஓய்வு பெறுகிறார். சேர்மத்துரை கொடுக்கவில்லை.

"சார், மூணு நூலு சதைதான் இருக்கு. இன்னொருத்தர் சீவி வீணாச்சுன்னா மறுபடி குத்தணும். என் சதைய நானே சீவிக்கிடுதேன்."

சீவினார். நான் பக்கத்தில் நின்றேன். கட்டி இருக்கும் அதே கையால் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியின் சக்கரத்தைச் சுற்ற, கட்டியிலிருந்து வந்த சதை ரிப்பனாக இறங்கியது. பிரஷ்ஷால் தூக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை.

"எப்படி?" என்றார்.

நான் மூச்சை விடவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

முதல் சாயம். கதிர் வடிவ செல்கள், கட்டுக்கட்டாக, ஒழுங்கில்லாமல். நடுநடுவே பூதாகாரமான உட்கருக்கள். இடையில் சிறிய வெள்ளணுக்கள் சிதறிக் கிடக்கின்றன. பார்த்த இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சார்கோமா. தசையும் இணைப்புத்திசுவும் இருக்கும் இடத்தில் கிளம்பும் புற்றுநோய். வெட்டி எடுப்பதுதான் வழி.

சார் பார்த்தார். "அப்படித்தான் தெரியுது. ஆனா வேஷம் போடுறதும் உண்டும்மா. சில லிம்போமா அசல் சார்கோமா மாதிரியே வந்து உக்காந்திருக்கும். அதுக்குக் கத்தி வேண்டாம், மருந்துலயே கரையும். சிடி45 சாயமும் சேத்து எடுத்திரு."

லிம்போமா என்பது வெள்ளணுக்களில் வரும் புற்று. சிடி45 வெள்ளணுக்களுக்கு மட்டும் ஏறும் சாயம். கட்டியின் செல்கள் பழுப்பானால் லிம்போமா. ஆகாவிட்டால் பெரும்பாலும் அந்தக் கதவை மூடிவிடுவோம்.

பிப்ரவரி 19, திங்கள்

சிறப்புச் சாயங்கள் ஆறு. எல்லாவற்றையும் அவரே செய்தார். டான்சில் பிளாக் தீர்ந்துவிட்டது, புதிது அடுத்த வாரம்தான் வரும். "டான்சில் இல்லாம இன்னைக்கு வெறுஞ்சோறு" என்றார். சிரிக்க முயன்றேன்.

மதியம் ஹசீனாவிடம் ஒரு புத்தகம் வாங்கப் போனவள் சாய அறை வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வலது கையை மேசை மேல் நீட்டி வைத்து, இடது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டு, குக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் விசில். வெகுநேரம் கழித்து இரண்டாவது. மூன்றாவது. எழுந்து துணியால் பிடித்து இறக்கினார்.

புத்தகம் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வந்துவிட்டது. சார்கோமாவுக்குரிய சாயங்கள் நன்றாக ஏறியிருக்கின்றன. சிடி45 ஸ்லைடு முழுக்க நீலம். கட்டியின் செல்களில் ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை.

சார் வேறு ஸ்லைடில் கண் வைத்திருந்தார். நிமிராமல் கேட்டார்: "சிடி45?"

"ஏறல சார். நெகட்டிவ்."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். சார் கையெழுத்துப் போட்டார். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அறுவை, சீக்கிரம் அறுவை என்றால் நோய் பரவாது. என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. நான்கு மணிக்குள் சர்ஜரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஓட்டமாக.

பிப்ரவரி 28, புதன்

மருத்துவர்கள் கூட்டம். நரம்பும் குழாயும் சிக்கியிருப்பதால் கட்டியை மட்டும் எடுக்க முடியாது. முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டும். என் அறிக்கையைத் திரையில் போட்டுப் படித்தார்கள். எழுத்துப்பிழை ஒன்று கூட இல்லை.

மார்ச் 11, திங்கள்

நாளை அறுவை. இன்று பிற்பகலில் வார்டிலிருந்து இறங்கி துறைக்கு வந்தார், கையில் நோயாளிப் பட்டையோடு.

"பாக்கி பிளாக் எத்தன கெடக்கு?"

பதினேழு கிடந்தன. உட்கார்ந்து பதினேழையும் சீவினார். யாரும் தடுக்கவில்லை. சார் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஹசீனா அழுதாள். "எம்மா, கண்ணீரு தண்ணித் தொட்டியில விழுந்தா செக்ஷன் சுருங்கிரும், அங்கிட்டுப் போய் அழு" என்றார்.

கடைசி பிளாக்கை முடித்ததும் சக்கரத்தைப் பூட்டினார். பிளேடைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். என்னிடம், "இடது கையால கையெழுத்துப் போட்டுப் பாத்தேன் டாக்டர். எங்க அக்கா மவன் ஒண்ணாப்புல எழுதுனது மாதிரி இருக்கு" என்று ஒரு தாளைக் காட்டினார்.

அந்தத் தாள் இந்த டைரியில் இருக்கிறது. குப்பையில் போட வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

பதினொன்றரைக்கு முடிந்தது. நலம் என்றார்கள்.

மார்ச் 13, புதன்

வெட்டியெடுத்த உறுப்பைப் பிரித்து, எங்கெங்கே நோய் இருக்கிறது என்று பார்த்து, மாதிரி எடுக்க வேண்டும். இந்த வாரம் என் முறை. ஹசீனா, "அக்கா, நான் சார்கிட்ட சொல்லி வேற யாரையாவது…" என்றாள். வேண்டாம் என்றேன். இன்னொருத்தர் வெட்டி வீணாகக் கூடாது.

வாளியின் மூடியைத் திறந்தேன்.

உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. கட்டைவிரல் அடியில் புளியங்கொட்டை. ஆள்காட்டி விரலில் வெள்ளைக் கோடு. நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. அறுவைக்கு முன் அவரே வெட்டியிருப்பார். எதையும் அழுக்காகக் கொடுக்க மாட்டார்.

அளந்தேன். எழுதினேன். நீளம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். இரண்டு வருடமாக தினமும் பார்த்த கையை நான் ஒரு முறை கூடத் தொட்டதில்லை. கட்டியைத் தொட்டேனே, அது கணக்கில் வராது. இன்று கையுறையோடு.

முழங்கையின் உட்புறம், கட்டியிலிருந்து தள்ளி, கொழுப்புக்குள் அவரைக்கொட்டை அளவில் ஒரு நிணநீர்க் கணு தட்டுப்பட்டது. சார்கோமா பொதுவாகக் கணுவுக்குப் போகாது. இருந்தாலும் எடுத்துவைத்தேன்.

மாதிரி எடுத்தபின் உறுப்பைக் கேட்டால் வீட்டாருக்குத் தந்துவிடுவது வழக்கம். வெளியே பெஞ்சில் அவர் அக்கா பேச்சிக்கனி உட்கார்ந்திருந்தார். மடியில் புது வெள்ளைத் துண்டு.

"டாக்டர், கை முழுசா கெடைக்குமா? வெட்டிக் கூறு போட்டுருவாங்கன்னு வார்டுல சொல்லுதாவ."

"பத்து நிமிஷம் இருங்கக்கா."

உள்ளே போய்த் தையல் நூல் எடுத்தேன். நான் வெட்டிய இடங்களை எல்லாம் தைத்தேன். அப்படிச் செய்யும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது. தையல் நன்றாக வரவில்லை. துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அவர் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

"ஆத்துக்கரையில எங்க அப்பாவப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துல வச்சிருதோம். தம்பிதான் சொன்னான், 'அப்பாகிட்ட முன்கூட்டியே கை குடுத்து வச்சிருதேன்'னு. கிறுக்குப் பய."

மார்ச் 14, வியாழன்

சோறு இறங்கவில்லை. தலைக்குக் குளித்தேன்.

மார்ச் 18, திங்கள்

கணுவின் ஸ்லைடு வந்தது.

அதை மூன்று முறை வைத்து எடுத்தேன். கணுவின் உள்வழிகளில் பெரிய பெரிய செல்கள், கூட்டமாக. உட்கரு குதிரை லாடம் போல வளைந்திருக்கிறது. இந்த வடிவத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். சார்கோமா அத்தியாயத்தில் அல்ல.

பழைய பயாப்சி ஸ்லைடை எடுத்துப் பார்க்க வேண்டும். நாளை பார்க்கிறேன். இன்று முடியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஆவண அறையில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு 412ஐ எடுத்தேன்.

முதல் சாயத்தில், கதிர் செல்களுக்கு நடுவே, அதே லாடங்கள். நான்கு எண்ணினேன், பிறகு ஏழு. பிப்ரவரி பதினாறாம் தேதியும் அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

பிறகு சிடி45 ஸ்லைடு. எழுதித்தான் ஆக வேண்டும்.

கட்டியின் செல்கள் நீலம். சரி. ஆனால் அவற்றுக்கு இடையில் சிதறிக் கிடக்கும் சாதாரண வெள்ளணுக்களும் நீலம். அவை யார் உடம்பிலும் எப்போதும் பழுப்பாக வேண்டும். டான்சில் துண்டு இல்லாத நாளில் அவைதான் டான்சில். அவை பழுப்பாகவில்லை என்றால் சாயமே ஏறவில்லை என்று அர்த்தம். ஸ்லைடு "இல்லை" என்று சொல்லவில்லை. அது ஒன்றுமே சொல்லவில்லை. இது முதலாண்டில் முதல் மாதம் சொல்லித்தரும் பாடம். ஹசீனாவுக்கு நானே சொல்லித்தந்திருக்கிறேன்.

அன்று கட்டியின் செல்களை மட்டும் பார்த்தேன். முடிவு தெரிந்துவிட்டது என்று நினைத்து மீதியைப் புரட்டிவிட்டேன்.

மார்ச் 20, புதன்

சாரிடம் சொன்னேன். அவர் ஸ்லைடைப் பார்த்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் ஒரு தடவ கண் வச்சுப் பாத்திருக்கணும். உன் வார்த்தையில கையெழுத்துப் போட்டேன்."

"என் வார்த்தை தப்பு சார்."

"கையெழுத்து என்னோடதும்மா."

அதே குக்கரில் வெந்த மற்ற ஐந்து ஸ்லைடுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். இரத்தக்குழாய்ச் சுவர்கள் வரை பளிச்சென்று ஏறியிருக்கிறது. குக்கரில் குறையில்லை. சிடி45 குப்பிதான் செத்துப்போயிருக்கிறது. திறந்து பல மாதம் ஆன குப்பி. புதுக் குப்பி எடுத்து மறுபடி செய்யச் சொன்னார்.

மார்ச் 22, வெள்ளி

பழுப்பு. கட்டியும் கணுவும், எல்லாம் பழுப்பு. இன்னும் இரண்டு சாயங்களும் ஏறின. அனாப்ளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமா. சார்கோமா வேஷத்தில் வந்தது. மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகை. கையை வெட்டாமலே.

திருத்திய அறிக்கையை சார் தன் பெயரில் எழுதினார். அறுவை மருத்துவர்களிடம் தானே போய்ச் சொன்னார். நோயாளிக்கு என்ன சொல்வது என்று பேசினார்கள். இப்போது மருந்தைத் தொடங்குவோம், மனதை உடைக்க வேண்டாம், எல்லாம் முடிந்ததும் முழுதாகச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. "சிகிச்சை முடிஞ்ச அன்னைக்கு நானே சொல்லுதேன்" என்றார் சார். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். சேர்மத்துரையிடம் பெரிய டாக்டர் ஏற்கெனவே பேசியிருந்தார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட மொட்டைக் கை போர்வைக்குள்.

"என் நோய்க்குப் பேரு மாத்தி வச்சிட்டியளாமே?"

அவர் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முழுசா கொணமாயிருமாமே டாக்டர்! அப்ப கைய எடுத்ததாலதான் உசுரு தப்பிச்சான், என்ன?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா" என்றேன்.

ஏப்ரல் 4, வியாழன்

முதல் சுற்று மருந்து. வாந்தி.

ஏப்ரல் 21, ஞாயிறு

முடி கொட்டிவிட்டது. "திருச்செந்தூர்ல எடுக்க வேண்டியது, இங்கயே ஆச்சு" என்கிறார். இல்லாத கை அரிக்கிறதாம். ஆள்காட்டி விரலில், அதே பிளேடு கீறல் இடத்தில். "மண்ணுக்குள்ள எறும்பு கடிக்கி போல" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன் டாக்டர்" என்றார்.

மே 9, வியாழன்

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்லைடையும் நாற்பது நிமிடம் பார்க்கிறேன். வேலை தேங்குகிறது.

புத்தகங்களும் அப்படித்தான். ஒரு வரி விடாமல், அச்சகத்தின் முகவரி வரை படிக்கிறேன். எதுவும் மனதில் நிற்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் சொல்வேன் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. அழுதாள்.

ஜூன் 18, செவ்வாய்

ஹசீனா எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். வார்டில் அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். "மாப்பிள்ள என்ன வேல?" என்றார். சொன்னேன். "நல்லது" என்றார். பிறகு, வெளியே சாரல் விழுகிறதா என்று கேட்டார். விழுகிறது என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

சாருக்குப் பக்கவாதம். இடது பக்கம். பேச்சு குழறுகிறது. பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். "நானூத்தி…" என்பது மட்டும் புரிந்தது.

"நான் சொல்லிர்றேன் சார்" என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆறு சுற்றும் முடிந்தன. ஸ்கேன் சுத்தம். நோயின் சுவடே இல்லை. வார்டில் கைதட்டினார்கள். அவரால் தட்ட முடியவில்லை, தொடையில் தட்டினார்.

இன்று சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டார். சீவ முடியாது என்பதால் ஆவண அறை. பழைய ஸ்லைடுகளை எண் வரிசையில் அடுக்குவது, கேட்பவர்களுக்கு எடுத்துத் தந்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது. முடி குருத்துப் போல முளைத்திருக்கிறது. சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருக்கிறார்.

மைக்ரோடோமில் புது ஆள். ரிப்பன் அறுந்து அறுந்து வருகிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆவண அறை வாசல் வரை போனேன். வேறு ஆள் இருந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

மறுபடியும் போனேன். அவர் மட்டும்தான் இருந்தார். ஒன்றும் வேண்டாத ஒரு ஸ்லைடைக் கேட்டு வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, திருப்பி வந்த ஸ்லைடுகளை இழுப்பறைகளில் செருகிக்கொண்டிருந்தார். ஒரு கையால் இழுப்பறையைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி முழங்காலால் முட்டுக் கொடுத்து, பிறகு அதே கையால் ஸ்லைடை எடுத்து. நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. சாதாரண வெள்ளணுக்கள் நீலமாக இருந்ததை, நான் அதைப் பார்க்காததை, பார்த்தேன் என்று சாரிடம் சொன்னதை, ஓட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததை. பார்த்திருந்தால் கை இருந்திருக்கும் என்பதை. வார்டில் அக்காவிடம் ஆமா என்றதையும்.

முடிக்கும் வரை அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"மார்ச் பத்தொம்பது எடுத்திருக்கிய. இருபத்திரெண்டு திருப்பி வச்சிருக்கிய. வேலைக்கு வந்த மொத நாளே பாத்தேன். முடிஞ்ச கேஸ, அதுவும் என் நம்பர, சும்மா யாரு எடுப்பா?"

"ஸ்லைடையும் பாத்தீங்களா?"

"டாக்டருக்குப் படிக்கலன்னாலும் சாயம் ஏறிருக்கா இல்லையான்னு தெரியாதா டாக்டர்? பதினோரு வருசமா ஏத்துதேன்."

எட்டு நாட்களாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை எனக்கு வேண்டாத ஸ்லைடை எடுத்துக் கொடுத்தபோதும் தெரிந்திருக்கிறது.

"என்னை ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துச் சொன்னார். மெதுவாக, முன்பே யோசித்து வைத்ததைச் சொல்வது போல.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன். அன்னைக்குக் கை கெடந்து குத்துச்சு. பொறுக்க முடியாம குக்கர ரெண்டு விசில்லயே எறக்கிட்டேன். மூணாவது விசிலு வரல. வேகாத ஸ்லைடுல சாயம் எப்படி ஏறும்? என் கைய நானே எடுத்துக்கிட்டேன்னு வச்சிக்கிடுங்க. இதுல நீங்க எங்க வாரிய? போய்ச் சாப்பிடுங்க. தை மாசம் கல்யாணத்த வச்சிக்கிட்டு இதத் தூக்கிச் சொமக்காதிய."

மூன்று விசிலையும் நான் எண்ணியிருக்கிறேன். அந்த வாசலில் நின்று. அதே குக்கரில் வெந்த மற்ற ஐந்து ஸ்லைடுகளும் அவருக்குப் பின்னால் அதே இழுப்பறையில் இருக்கின்றன, பளிச்சென்ற பழுப்போடு. 412ஐ எடுத்துப் பார்த்தவர் அவற்றையும் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். ஸ்டூலில் குனிந்து, மடித்த சட்டைக்கையின் ஊக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிடரியில் புது முடி. அவரிடம் மிச்சம் இருந்த ஒன்றை எனக்கு எடுத்து நீட்டியிருக்கிறார். அதையும் சோதித்து, சாயம் ஏறவில்லை என்று திருப்பிக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

"சரிண்ணா" என்றேன்.

அவர் கை ஊக்கின் மேல் நின்றது. பிறகு தலையாட்டிவிட்டு, அடுத்த ஸ்லைடை எடுத்து அதன் எண்ணைப் படித்தார்.